ரிடுக்ஸிமாப் என்ற கேன்சர் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது ஃப்ளூ, நிமோனியா, அக்கி ஊசி: போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

செம்பூர் அம்மா
ஏப்ரல் 14, 2025

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 61 வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணமாகி மும்பைக்கு வந்து 36 வருஷம் ஆகிறது, இப்போது செம்பூரில் இருக்கிறோம். 2024 ஜனவரியில் கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அரைநெல்லிக்காய் அளவு, வலி கிடையாது, விரல் வைத்தால் நழுவும். பயாப்ஸியில் ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்று வந்தது, நெறிகளில் வரும் ஒரு வகைக் கேன்சர். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பெண்டமுஸ்டின் என்ற கீமோ மருந்தும் ரிடுக்ஸிமாபும் சேர்த்து 6 சுற்று போனது. ஸ்கேன் நன்றாக வந்தது. நவம்பரிலிருந்து ரிடுக்ஸிமாப் மட்டும், 2 மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் 2 வருஷம். மார்ச் 20 அன்று மூன்றாவது ஏறியது. அடுத்தது மே 20. இதற்கு முன்பே 14 வருஷமாகச் சர்க்கரை உண்டு, சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. செட்டா நகர் முருகன் கோயிலின் 108 படியையும் நிற்காமல் ஏறுகிறவள் நான். இன்று காலையில் நடுவே இரண்டு முறை உட்கார்ந்துதான் ஏறினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் முதுகிலிருந்து இடது மார்புக்குக் கீழ் வரை பட்டையாக எரிச்சல். ரவிக்கை பட்டாலே நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். பார்த்ததுமே அக்கி என்று தெரிந்துவிட்டது. என் அப்பாவுக்கு வந்தபோது குயவர் வீட்டுத் தாத்தா காவிக் கல்லை உரசிக் குழைத்து, இறகால் முதுகு முழுக்க எழுதிவிட்டுப் போனார். அந்தக் காவி காய்ந்து வெடித்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எனக்கு டாக்டர் அன்று மாலையே வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை ஆரம்பிக்கச் சொன்னார். 3 வாரத்தில் கொப்புளம் காய்ந்தது, எரிச்சல் மட்டும் போகவில்லை. ஃபேன் காற்று படுவதற்குப் பயந்து ராத்திரி துண்டைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன். ஒரு சாதாரணக் கிருமி என்னை இவ்வளவு ஆட்டிவைக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மார்ச்சில் ஓ.பி.டி.க்குப் போனபோது டாக்டர் ஃபைலில் "ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி" என்று ஒரு வரி எழுதினார். எப்போது, எங்கே என்று கேட்பதற்குள் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சரி, வீட்டுப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். "கேன்சர் ஆளுக்கு எந்தத் தடுப்பூசியும் ஆகாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் இன்னொரு இடத்தில், "இன்றைக்கே ஃப்ளூ, நிமோனியா, அக்கி மூன்றையும் போட்டுவிடலாம்" என்றார்கள். என்ன மருந்து ஏறுகிறது, கடைசியாக எப்போது ஏறியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓர் இடத்தில் பயந்தார்கள், இன்னோர் இடத்தில் அவசரப்பட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் வேறொரு சங்கடம். 2021 ஏப்ரலில் 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கொரோனா ஊசி என்று அறிவித்த முதல் வாரமே நாங்கள் இருவரும் பாந்த்ரா பக்கம் பி.கே.சி. தடுப்பூசி மையத்தில் வெயிலில் வரிசையில் நின்று கோவிஷீல்டு போட்டுக்கொண்டோம். எனக்குக் கட்டி வந்ததும் என் நாத்தனார், "அந்த ஊசிதான் மதினி உள்ளே போய்க் கட்டியாச்சு" என்று சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் அதற்குப் பதிலே பேசவில்லை. ஆனால் போன வாரம் நான் ஃப்ளூ ஊசி என்று ஆரம்பித்ததும் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "நான்தானே உன்னை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன்" என்றார். ஒரு வருஷத்துக்கும் மேலாக மனதுக்குள் என்னத்தைச் சுமந்துகொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று. மகளுக்கு மே கடைசியில் பிரசவம். அடுத்த வாரம் புனேயிலிருந்து இங்கே வருகிறாள். மூன்று மாதம் இருப்பாள். குழந்தைக்குப் போடும் ஊசிகளால் எனக்கு ஏதாவது ஆகுமா என்று யாரோ கேட்டார்களாம், அவளும் கலங்கிப் போயிருக்கிறாள். பேரக் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ரிடுக்ஸிமாப் ஏறும்போது ஊசி போட்டாலும் உடம்பில் பிடிக்காது என்கிறார்களே, நிஜமா? பிடிக்காது என்றால் எதற்குப் போட வேண்டும்? ஜூன் வந்தால் மழை. இந்த ஊர் மழைக் காலத்தில் கட்டிடம் முழுக்க இருமும். அதற்குள் ஒரு முடிவெடுக்க வேண்டும்.


தாராவிக்காரன்
ஏப்ரல் 14

அம்மா, எங்க அப்பாவுக்கும் லிம்ஃபோமாதான். 2023 ஜூலையில் எனக்குச் சளி, காய்ச்சல். மூன்று நாளில் எனக்குச் சரியாகிவிட்டது. அதற்குள் அப்பாவுக்குத் தொற்றிவிட்டது. ஃப்ளூ என்று ரிசல்ட் வந்தது, 9 நாள் ஐ.சி.யு.வில் இருந்தார். பிழைத்து வந்துவிட்டார். நான் ஊசி போட்டிருந்தால் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்க மாட்டேனோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது வருஷா வருஷம் மே மாதம் வீட்டில் 5 பேரும் போட்டுக்கொள்கிறோம். உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டில் உள்ளவர்களை முதலில் போடச் சொல்லுங்கள்.


சயான் சிஸ்டர்
ஏப்ரல் 15

அக்கா, நான் 31 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் 12 வருஷம் கீமோ வார்டு. உங்கள் டாக்டர் இடத்தில் இருந்து நான் பேசக் கூடாது. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் "போடலாமா வேண்டாமா" என்ற கேள்வியை மாற்றுங்கள். எந்த ஊசி, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். தேதியோடு கேட்டால் தேதியோடு பதில் வரும்.

தடுப்பூசியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் உயிருள்ள கிருமியை வலுவிழக்க வைத்துக் கொடுப்பார்கள். சின்னம்மை ஊசி, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர்., மஞ்சள் காய்ச்சல் ஊசி, மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து எல்லாம் இந்த வகை. சிகிச்சை நடக்கும்போது இவை உங்களுக்கு ஆகவே ஆகாது. முதல் கிளினிக்காரர் இதைத்தான் அரைகுறையாகக் கேட்டுவைத்துக்கொண்டு எல்லா ஊசிக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பார். மற்ற வகையில் உயிருள்ள கிருமி இருக்காது. கையில் போடும் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, ஹெபடைடிஸ் பி, புதிதாக வந்திருக்கும் அக்கி ஊசி எல்லாம் இந்தப் பக்கம். இவை உங்களுக்கு அந்த நோயை உண்டாக்காது. பலன் எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி.

அடுத்து, பிடிக்குமா என்று கேட்டீர்களே. ரிடுக்ஸிமாப் உடம்பில் உள்ள பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைத் துடைத்து எடுத்துவிடும். ஊசி போட்டதும் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், செய்கிற வேலை பி செல்களுடையது. கடைசி டோஸ் முடிந்து 6 மாதமாவது ஆக வேண்டும், அவை மறுபடி தலைகாட்ட. அதனால் பலன் குறையும் என்பது நிஜம். ஆனால் டி செல்கள் என்று இன்னொரு படை இருக்கிறது. ரிடுக்ஸிமாப் அவற்றைத் தொடாது. (பெண்டமுஸ்டின் தொடும், கொஞ்ச காலம் குறைத்துவைக்கும். அக்கி உங்களைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) ஃப்ளூ வருஷா வருஷம் வருகிறது, உங்கள் சிகிச்சை முடியும் வரை அது காத்திருக்காது. அதனால் பலன் குறைவு என்று தெரிந்தும் ஃப்ளூ ஊசியை அந்தந்தப் பருவத்தில் போட்டுவிடச் சொல்வார்கள். மற்றவற்றைச் சிகிச்சை முடிந்து 6 மாதம் தள்ளிப் போடுவதா, இடையிலேயே ஒன்று போட்டுவிட்டு முடிந்தபின் மறுபடி போடுவதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்போது போடுவது? அடுத்த டோஸுக்கு 2 முதல் 4 வாரம் முன்னால் போட்டால் உடம்புக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். உங்களுக்கு மே 20 என்றால் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். மும்பையில் ஃப்ளூ மழையோடு ஏறும், அதற்கும் இது சரியான நேரம்.

நிமோனியாவுக்கு இரண்டு வகை ஊசி உண்டு. கான்ஜுகேட் என்ற வகை முதலில், 23 வகைக் கிருமிகளுக்கானது பிறகு, நடுவில் குறைந்தது 8 வாரம். வரிசை மாறக் கூடாது. அதனால் கடையில் இருப்பதை எடுத்துப் போட விடாதீர்கள், பெட்டியைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். அக்கி ஊசிக்கு அவசரம் இல்லை, வந்து போன சூடு முதலில் தணியட்டும். 2 டோஸ் போட வேண்டும், ஒரு டோஸுக்கே நல்ல செலவாகும். தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

போவதற்கு முன் கடைசி சி.பி.சி. ரிப்போர்ட்டை, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை ரிப்போர்ட்டை, எடுத்துப் போங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. ஊசி எடுத்ததும் பஞ்சை வைத்து 2 நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள். எங்கள் வார்டில் தேய்த்துத் தேய்த்தே முழங்கை வரைக்கும் நீலம் பாய வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இரண்டு நாள் கொஞ்சம் ஏறலாம், குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி குழந்தை. தாராளமாகத் தூக்குங்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே பேசிவையுங்கள். பிறந்ததும் ஆஸ்பத்திரியில் போலியோ சொட்டு கொடுப்பார்கள், 6 வாரத்தில் மறுபடி கொடுப்பார்கள். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியே வரும். எதிர்ப்பு சக்தி குறைந்த ஆள் வீட்டில் இருந்தால் சொட்டுக்குப் பதில் போலியோ ஊசி போடச் சொல்வார்கள். போலியோ பாதுகாப்பே இல்லாமல் குழந்தையை விட்டுவிடக் கூடாது, சொட்டின் இடத்தில் ஊசி, அவ்வளவுதான். மகளைப் பார்க்கும் டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்குக்கு எதிரான ரோட்டா சொட்டு கொடுக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு 4 வாரம் ஈரத்துணி மாற்றுவது, கழுவிவிடுவது வேறு யார் வேலையாகவாவது இருக்கட்டும். எம்.எம்.ஆர். எல்லாம் குழந்தைக்கு அதன் காலத்தில் போடலாம், உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

மகளுக்கு இப்போது 34 வாரம் இருக்குமா? 36 வாரத்துக்குள் டிடேப் (குழந்தையைக் கக்குவான் இருமலிலிருந்து காக்கும் ஊசி) போட்டுக்கொண்டாளா என்று கேளுங்கள். ஃப்ளூ ஊசி கர்ப்பத்தில் எந்த மாதத்திலும் போடலாம்.


டோம்பிவிலி தம்பி
ஏப்ரல் 16

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் அக்கா. என் மனைவிக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். ஹெபடைடிஸ் பி ஊசி எல்லோருக்கும் போடும் அளவு அவளுக்குப் போதவில்லை. இரண்டு மடங்கு அளவில், 0, 1, 2, 6 மாதம் என்று 4 முறை போட வேண்டும். இது தெரியாமல் முதலில் ஓர் இடத்தில் சாதாரண அளவில் 3 முறை போட்டுவிட்டோம். டைட்டர், அதாவது ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு, பார்த்தால் 10-க்குக் கீழே. பணமும் போனது, 6 மாதமும் போனது. இப்போது புதிய கணக்கில் மூன்றாவது முடிந்திருக்கிறது. எந்த வியாதிக்காரருக்கு எந்த அளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது.

ரிடுக்ஸிமாப் ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்திருப்பார்கள், பழைய கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் அந்த மருந்து எழுப்பிவிடும் என்பதால். அந்த ரிப்போர்ட் ஃபைலில் இருக்கிறதா பாருங்கள்.


செம்பூர் அம்மா
ஏப்ரல் 16

சிஸ்டர், உங்கள் பதிலை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தம்பி, ரிப்போர்ட் இருக்கிறது, நெகட்டிவ். மகளுக்கு 34 வாரம்தான், டிடேப் போன மாதமே போட்டுவிட்டாள்.

இவரிடம் எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. சண்டை போடுகிற ஆள் என்றால் நானும் போட்டுவிடுவேன். இவர் பேசாமல் பால்கனியில் போய் நிற்கிறார்.


முலுண்ட் வாத்தியார்
ஏப்ரல் 17

தங்கச்சி, எனக்கு 68. என் மனைவிக்கு 2020-ல் வலது மார்பில் ஆபரேஷன் ஆனது. 2021-ல் கொரோனா ஊசி போட்ட 10 நாளில் அக்குளில் நெறி கட்டியது. திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து அன்றிரவு நான் பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கையில் ஊசி போட்டீர்கள் என்பது. ஆபரேஷன் ஆகாத இடது கையில்தான் போட்டிருந்தோம், நெறியும் அதே பக்கம். ஊசி போட்டால் அந்தப் பக்கத்து நெறி வேலை செய்யும், அதனால் வீங்கும், சில வாரத்தில் வடியும் என்றார். 5 வாரத்தில் வடிந்தது. அன்றிலிருந்து ஊசி போட்ட தேதியையும் கையையும் நோட்டில் குறித்துவைக்கிறோம், ஸ்கேனுக்குப் போகும்போது முதலில் அதைத்தான் சொல்கிறோம். நீங்களும் சொல்லுங்கள், அந்த நெறி ஸ்கேனில் ஒளிர்ந்து வீணான பயத்தைக் கொடுக்கும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்வது இதுதான். ஊசியால் வரும் வீக்கம் நாள் கணக்கில் வரும், வாரக் கணக்கில் போகும். உங்கள் கட்டி வந்தது 2024-ல். இரண்டேமுக்கால் வருஷம் கழித்து. ஃபாலிக்குலர் வகை சத்தமில்லாமல் மெதுவாக வளர்வது, எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாதது. அந்த வருஷம் உங்கள் பேட்டையில் எத்தனை வீட்டில் இருந்து ஆம்புலன்ஸ் போனது என்று அவருக்கு நினைவிருக்கும். சர்க்கரையும் வீசிங்கும் உள்ள பெண்டாட்டியை வெயிலில் கூட்டிப் போய் நிறுத்திய மனுஷன் தப்பு எதுவும் செய்யவில்லை. இதை என் வாயால் சொல்ல வேண்டுமானால் ஃபோனில் பேசுகிறேன், நிர்வாகியிடம் என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு இதைப் பேச ஆள் கிடைப்பதில்லை.


செம்பூர் அம்மா
மே 3

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

வாத்தியார் அண்ணனும் இவரும் 40 நிமிஷம் பேசினார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன், அதனால் என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்து, "உன் டாக்டரை எப்போது பார்க்கணும்" என்று கேட்டார்.

ஏப்ரல் 24 அன்று போனோம். குர்லாவில் ரயில் மாறி, மாற்றுத்திறனாளிகளுக்கும் கேன்சர் நோயாளிகளுக்குமான பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. இந்த முறை ஒரு தாளில் நாலே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. டாக்டர் தாளை வாங்கி அதிலேயே பதில் எழுதினார். ஃப்ளூ ஊசி ஏப்ரல் 30. நிமோனியா ஊசிக்கு ரிடுக்ஸிமாப் முடியும் வரை காத்திருக்க வேண்டாம், கான்ஜுகேட் ஊசியை ஜூலை டோஸுக்கு 3 வாரம் முன்னால் போடலாம், பலன் பாதியாக இருந்தாலும் இருக்கட்டும், சிகிச்சை முடிந்ததும் மறுபடி பார்க்கலாம் என்றார். அக்கி ஊசி எரிச்சல் அடங்கிய பிறகு. ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி அளவைப் பார்த்தார்கள், கொஞ்சம் குறைவு. அடிக்கடி தொற்று வந்தால் அதற்கு வேறு மருந்து ஏற்றுவார்களாம், இப்போதைக்குத் தேவையில்லை. போலியோ சொட்டு விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "யார் சொன்னது, சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். சிஸ்டர், உங்களுக்குத்தான் அது. மகளின் ஃபைலில் மேல் பக்கத்திலேயே எழுதி வாங்கிவிட்டோம்.

30ஆம் தேதி நான், இவர், மகள் மூன்று பேரும் போட்டுக்கொண்டோம். நான் நாற்காலியில் உட்காரப் போனபோது இவர் என் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, முதலில் தான் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். எனக்கு இடது கை, 2 நிமிஷம் அழுத்திப் பிடித்தேன், தேய்க்கவில்லை. அன்று ராத்திரி உடம்பு வலி, 99.8 காய்ச்சல். மறுநாள் காலைச் சர்க்கரை 188, அதற்கடுத்த நாள் 141. அவ்வளவுதான். சமையலறைக் காலண்டரில் ஜூன் 28-ஐ வட்டம் போட்டு "நிமோனியா, பெட்டியைப் படிக்கவும்" என்று இவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.

நாத்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை. குழந்தையைப் பார்க்க வரும்போது சொல்லிக்கொள்ளலாம், அவளையும் ஊசி போட்டுக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். டோம்பிவிலி தம்பி, வீட்டில் நாலாவது முடிந்ததும் டைட்டர் எவ்வளவு வந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.